கேத்தில் கொதிக்கும் முன்: அன்றாடச் செப வாழ்வைப் படிப்படியாகக் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

தவக்காலத் தியானமோ நற்செய்திக் கூட்டமோ முடிந்த மறுநாள் திருகோணமலையில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். காலை நாலு மணிக்கு அலாரம். ஐந்து அதிகாரம் வாசிப்பு. வெள்ளிக்கிழமை முழு நாள் உபவாசம். மாலையில் முழுச் செபமாலை. மூன்றாவது கிழமை வரும்போது இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. "எனக்கு இதெல்லாம் சரிவராது" என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

விட்டவர்களிடம் ஆசைக்குக் குறைவிருக்கவில்லை. வரிசைதான் தலைகீழாக இருந்தது. உபவாசமும் நீண்ட செபமும் கூரை. அவர்கள் சுவர் எழும்பும் முன்பே ஓடு போடப் பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கானது. கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையாருக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். செபம் என்று எழுதியிருப்பதை ஜெபம் என்று வாசித்தாலும் குறையில்லை.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் இருக்கிறதே என்பீர்கள். போனைத் திறந்தால் வசனத்துக்கு முன் வாட்ஸ்அப் வரும். அங்கே போன கண் திரும்பி வராது. அதற்காகத்தான் தாள்.

எந்த மொழிபெயர்ப்பு? பழைய மொழிபெயர்ப்பின் ஓசை நெஞ்சில் நிற்கும், ஆனால் புதிதாக வாசிப்பவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லில் இடறுவார். முதல் ஆறு மாதத்துக்கு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இலகு. மனப்பாடத்துக்குப் பழையதை வைத்துக்கொள்ளலாம். கணவன் மெதடிஸ்த, மனைவி கத்தோலிக்கர் என்றிருக்கும் வீடுகளில் நூற்பெயர் குழப்பும்: ஆதியாகமம்தான் தொடக்கநூல், யாத்திராகமம்தான் விடுதலைப் பயணம், சங்கீதம்தான் திருப்பாடல், அப்போஸ்தலர் நடபடிகள்தான் திருத்தூதர் பணிகள். பட்டியலை அட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல், மற்றதில் 66. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இரண்டிலும் ஒன்றே.

80 பக்கக் கொப்பி ஒன்று, ஒரு பேனை. அலாரத்துக்கு மலிவான மேசைக் கடிகாரம் ஒன்று. இதைச் சில்லறை விஷயமாக நினைக்கவேண்டாம். போன் அலாரமாக இருக்கும்வரை அது தலையணைக்குப் பக்கத்தில் தூங்கும். விழித்தவுடன் கை அதைத்தான் தேடும். கடிகாரம் வந்துவிட்டால் போனை விறாந்தையில் சார்ஜில் போட்டுவிடலாம்.

கடைசியாக ஓர் இடம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று மத்தேயு 6:6 சொல்கிறது. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் அந்தக் கதவு எங்கே? அடுப்படி வாங்கு, பின்படி, கிணற்றடிக் கல், எதுவும் போதும். தினமும் அதே இடம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் சில கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்தாலே மனம் பழக்கத்துக்கு வந்துவிடும். பாயிலும் கட்டிலிலும் வேண்டாம். உடம்புக்கு அந்த இடம் தூக்கம் என்றுதான் தெரியும். மாரி காலத்தில் பின்படி என்றால் நுளம்புச்சுருள் ஒன்று கொளுத்திவிட்டு இருங்கள். நுளம்புக் கடியோடு மௌனம் வராது.

2. மணியைப் பிடிக்காமல் செயலைப் பிடிப்பது

"காலை 5.00 மணிக்குச் செபம்" என்று எழுதுவதுதான் அதிகம் பேர் செய்யும் முதல் பிழை. 5.20க்கு விழித்தால் "இன்றைக்குப் போய்விட்டது" என்று அந்த நாளையே விட்டுவிடுவார்கள். மணி தவறும். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு செபத்தைக் கட்டினால் அது தவறாது.

கேத்தில் வைக்கிறீர்கள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரம் ஏழு நிமிடம் போல. அதுதான் உங்கள் நேரம். அடுப்பு மூட்டுவது வேறொருவர் என்றால் முகம் கழுவிய பிறகு. கடலுக்குப் போகிறவருக்கு விடியற்காலை என்பதே வேலை நேரம். அவர் மீனை ஏலத்துக்குக் கொடுத்து, வலை கழுவி, வீட்டுக்கு நடக்கும் முன் வள்ளத்தடியிலேயே இருந்துவிடலாம். சீனன்குடாவிலோ துறைமுகத்திலோ இரவு வேலை செய்பவர் திரும்பிவந்து குளித்தபின், சாப்பிடும் முன். சாப்பிட்டால் கண் சொருகும். கைக்குழந்தைக்காரிக்குப் பிள்ளையின் முதல் தூக்கம். ஒவ்வொருவரும் "எதற்குப் பிறகு?" என்று கேட்டு ஒரே ஒரு விடையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதவேண்டும்.

எங்கள் ஊரில் விடியும் முன்பே பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், கோயில் மணி அடிக்கும், தேவாலய மணியும் கேட்கும். அயலவர் தொழ எழுந்த சத்தத்தில் நீங்கள் எழும்புவதில் குற்றமில்லை. பாங்கு நேரம் வருடத்தில் சற்று முன்பின் நகரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வருபவர்கள் "பஸ்ஸிலேயே செபித்துக்கொள்வேன்" என்பதுண்டு. அதை இரண்டாவது வேளையாக வையுங்கள். இருக்கை கிடைக்காத நாளில் அது நடக்காது.

காலை நேரம் முதல்நாள் இரவில்தான் தீர்மானமாகிறது. ஐந்து மணிக்கு எழும்ப வேண்டுமானால் பத்து மணிக்கு விளக்கு அணையவேண்டும். வாசிக்கும் பக்கத்தைத் திறந்து, பேனையைக் குறுக்கே வைத்துவிட்டுப் படுங்கள். தூக்கக் கலக்கத்தில் "எதை வாசிப்பது?" என்ற கேள்வியே பலரைத் திரும்பவும் பாய்க்கு அனுப்பிவிடுகிறது.

3. முதல் 14 நாள்: ஏழு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

ஏழு நிமிடத்தைப் பிரிப்பது இப்படி. ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது. இரண்டு நிமிடம் கர்த்தர் கற்பித்த செபம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு மூச்சு விட்டு. மூன்று நிமிடம் ஒரு சங்கீதத்தை உதடு அசைய, மெல்லிய குரலில் வாசிப்பது. கடைசி ஒரு நிமிடத்தில் மூன்று பேரின் பெயரைச் சொல்லி அவர்களுக்காக மன்றாடுவது. அதில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருக்கட்டும்.

14 நாளுக்கும் வாசிக்க: 1, 3, 4, 8, 13, 15, 23, 67, 100, 121, 130, 131, 133, 134. எல்லாம் பத்து வசனத்துக்குள் முடிபவை. வரிசைப்படி போங்கள். அன்றைய மனநிலைக்கு ஏற்றதைத் தேடி எடுக்கவேண்டாம்; துக்கமில்லாத நாளில் 13ஐ வாசித்தால் அது துக்கத்தில் இருக்கும் வேறொருவருக்காக ஆகிறது.

நாலாவது நாள் இனிமையாக இருக்கும், அரைமணி இருக்கத் தோன்றும். எழும்பிவிடுங்கள். அரைமணி இருந்த நாள் மனதில் அளவுகோலாக நின்றுவிடும். பிறகு ஏழு நிமிடம் இருந்த நாளெல்லாம் தோல்வியாகத் தெரியும். பசி மிச்சமிருக்கும்போது எழும்பினால்தான் நாளைக்கு வருவீர்கள்.

இந்த நாட்களில் மூன்று இடறல் வரும். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு செபியுங்கள். நின்று செபிப்பது பழைய வழக்கம்தான். மாற்கு 11:25இலும் நின்று செபிக்கும் பேச்சுத்தான் வருகிறது. மனம் ஓடினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள்: "காஸ் சிலிண்டர்", "ரியூஷன் காசு" என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதப்படாத கவலைதான் மறந்துபோகும் என்ற பயத்தில் திரும்பத் திரும்பத் தட்டும். மூன்றாவது இடறல் "ஒன்றும் உணரவில்லை" என்பது. உணரவேண்டும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கல்யாணம் கட்டிப் பத்து வருடமானவர்களிடம் கேளுங்கள், தினமும் நெஞ்சு படபடத்தா சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று.

4. மூன்றாம் கிழமை: ஒரு துணை

முதல் உற்சாகம் வடியும் நேரம் சரியாக இதுதான். ஆகவே துணையை இப்போது பிடிக்கவேண்டும், எல்லாம் நின்றுபோன பிறகல்ல.

ஒரே ஒருவர். கிழமைக்கு ஒரு தடவை, இருபது நிமிடம், நேரிலோ போனிலோ. கேட்கவேண்டியது மூன்று: எத்தனை நாள் இருந்தீர்கள், எந்த வசனம் பிடித்துக்கொண்டது, எங்கே சறுக்கினீர்கள். புத்தி சொல்லக்கூடாது, கேட்டால் மட்டும் சொல்லலாம். கேட்டது தேவாலய வாசலில் நிற்கும் கூட்டத்தின் காதுக்குப் போகாது என்ற உறுதி இல்லாதவரைத் துணையாக எடுக்கவேண்டாம், அவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும்.

வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது. பூப்படத்தின் மேல் வசனம் எழுதி நாற்பது பேருக்கு அனுப்புபவரை "நீ இன்றைக்கு வாசித்தாயா?" என்று அந்த நாற்பது பேரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கத்தோலிக்கருக்கு இன்னொன்று: துணையிடம் மனம் திறப்பது, சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பதிலல்ல. மாதம் ஒரு தடவை சுவாமியிடம் போகும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. வேதவாசிப்பு: மாற்குவிலிருந்து

ஜனவரி 1ஆம் திகதி ஆதியாகமத்தில் தொடங்குவது இங்கே ஊர் வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம் என்றால் ஆதியாகமத்தின் 50ம் யாத்திராகமத்தின் 40ம் சேர்ந்து 30 நாள். யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரத்தோடு கூடாரத்தின் பலகை, கொக்கி, திரைச்சீலை அளவுகள் தொடங்கும். ஜனவரி 31 அன்று லேவியராகமத்தின் பலிச் சட்டங்கள். பெப்ரவரியில் அடையாள ரிப்பன் அங்கேயே நிற்கும். அந்த நூல்களில் குறையில்லை. நற்செய்தியை அறிந்தவருக்கே அந்தப் பலிகள் எதைச் சுட்டுகின்றன என்று புரியும். ஆகவே நற்செய்தி முதலில்.

மாற்குவில் 16 அதிகாரம்தான். நாளுக்கு அரை அதிகாரம், 32 நாளில் முடியும். கதை வேகமாக ஓடும். அதோடு அது எங்களூர்க்காரருக்கு எழுதினதுபோல் இருக்கும். வள்ளத்துக்குள் இருந்து வலை பொத்துகிறவர்கள் முதல் அதிகாரத்திலேயே வருகிறார்கள் (1:19). நாலாம் அதிகாரத்தில் சுழல்காற்றில் அலை படகுக்குள் அடிக்கும்போது இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார் (4:38). வாடைக்காற்றில் கடலில் நின்ற திருக்கடலூர்க்காரருக்கு அந்த இரவை யாரும் விளக்கத் தேவையில்லை.

வாசிக்கும் முறை: ஒரு தடவை வாய்விட்டு, இன்னொரு தடவை மௌனமாக. வாய்விட்டு வாசிக்கும்போது கண் வரி தாண்டாது. இரண்டாம் தடவையில் எந்தச் சொல்லில் மனம் தட்டி நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். அது ஏன் தட்டியது என்று இரண்டு நிமிடம் யோசியுங்கள். பிறகு அதையே செபமாக்குங்கள். பிறகு கொப்பியில் ஒரு வரி.

அந்த ஒரு வரியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "நான் அன்பாக இருக்கவேண்டும்" என்று எழுதினால் நாளைக்கும் அதையே எழுதுவீர்கள். பெயரும் வேலையும் நேரமும் இருக்கவேண்டும்: "மாலை ஆறு மணிக்குள் உவர்மலை அக்காவுக்குக் கோல் எடுத்து அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்பது." செய்ததா இல்லையா என்று இரவு சரிபார்க்கக்கூடிய வரியா என்பதே சோதனை.

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை இன்றைய வாக்காக எடுக்கும் பழக்கம் இரண்டு சபைப் பக்கத்திலும் இருக்கிறது. இது கிளி சீட்டு எடுப்பதிலிருந்து அதிக தூரமில்லை. வருடத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் எடுப்பவர்கள், குறைந்தது அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னது என்று தெரிந்தால் அது சுவரில் தொங்கும் அட்டையாக மட்டும் இருக்காது.

மாற்கு முடிந்ததும் லூக்கா, பிறகு அப்போஸ்தலர் நடபடிகள். முழுப் புதிய ஏற்பாட்டிலும் 260 அதிகாரம். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 கிழமையில் சரியாக முடியும். சனியும் ஞாயிறும் தவறியதைப் பிடிக்கவும் ஞாயிறு வாசகங்களுக்கும் மிஞ்சும். ஏழு நாளையும் நிரப்பிய அட்டவணை முதல் காய்ச்சலோடு உடைந்துவிடும்.

6. இரவுக் கணக்கு

காலைப் பழக்கமும் வாசிப்பும் ஆறு கிழமை நின்றபின் இதைச் சேருங்கள். முன்னமே சேர்த்தால் இரண்டு முனையும் ஆடும்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையில் ஐந்து படி: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. எந்தச் சபையாருக்கும் பொருந்தும். எட்டு நிமிடம் போதும்.

நன்றியை முதலில் வைத்தது காரணத்தோடுதான். குற்றத்தில் தொடங்கினால் இரவெல்லாம் அங்கேயே நிற்கும். திரும்பிப் பார்க்கும்போது மணிக்கணக்காகப் போகாமல் இடங்களாகப் போங்கள்: வீடு, வீதி, பஸ், வேலைத்தலம், சந்தை, மறுபடி வீடு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முகம் நினைவில் எழும். கோபமும் பொய்யும் அந்த முகங்களோடுதான் ஒட்டியிருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். பட்டியல் போடுகிறவர் மூன்றாம் நாள் பட்டியலைப் பார்க்கவே அஞ்சுவார்.

இதைப் படுக்கையில் செய்யாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்தால் இன்னும் ஒரு நன்மை: பொழுது சாயுமுன் கோபம் தணியட்டும் என்ற எபேசியர் 4:26ஐ நிறைவேற்ற நேரமிருக்கும். வீட்டுக்குள் இருப்பவரிடம் அன்றைக்கே பேசிவிடலாம். வெளியில் இருப்பவர் என்றால் மறுநாள் காலை வரியில் அவர் பெயர் வரட்டும். மன்னிப்பைக் குரலில் கேட்கவேண்டும். "சொரி" என்று செய்தி அனுப்பி இரண்டு நீல நிற 'ரிக்' விழுந்தால் தீர்ந்துவிடாது.

7. வீட்டுச் செபம்

தனிப் பழக்கம் நிலைத்தபின்தான் வீட்டாரைக் கூப்பிடவேண்டும். தான் செய்யாததைப் பிள்ளைகளிடம் கேட்கும் தகப்பனை அவர்கள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செபமாலை முழுவதும் சொல்ல 15 முதல் 20 நிமிடம் எடுக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி போதும். பத்து வயதானால் இரண்டு. மிச்சத்தைப் பெரியவர்கள் தொடரலாம். அந்தந்த நாளில் தியானிப்பது: திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. பிள்ளை முன்சொல்ல, பெரியவர் பின்சொல்லட்டும். முன்சொல்கிறவனுக்குத் தூக்கம் வராது. மற்றச் சபையார் ஒரு பாட்டு, பத்து வசனம், ஆளுக்கொரு வாக்கியச் செபம் என்று பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். பெரியவர் செபம் நீண்டால் அது பிள்ளைகளுக்கு மறைமுகப் பிரசங்கமாகிவிடும். "ஆண்டவரே, இவன் சொன்ன சொல் கேட்பதில்லை" என்று மகனுக்குக் கேட்கச் செபிப்பது செபமல்ல, முறைப்பாடு.

சைவ மாமியாரோ மச்சானோ இருக்கும் வீட்டில் கட்டாயப்படுத்தவேண்டாம்; நேரத்தை மட்டும் சொல்லிவையுங்கள். குரல் உங்கள் மதிலுக்குள் இருக்கட்டும்.

8. ஞாயிறு சனிக்கிழமையில் தொடங்குகிறது

சனி மாலை நாலு வேலை: உடுப்பு மினுக்கிவைப்பது, ஞாயிறு வாசகங்களை ஒரு தடவை வாசிப்பது, காணிக்கையை எடுத்துவைப்பது, காலைச் சாப்பாட்டுக்கு வழி பார்ப்பது. இவை செய்யாத வீட்டில் ஞாயிறு காலை சண்டையோடுதான் விடியும். நன்மை (நற்கருணை) வாங்கும் கத்தோலிக்கர் அதற்கு ஒரு மணி நேரம் முன் சாப்பாட்டை நிறுத்தவேண்டும். தண்ணீரும் மருந்தும் தடையில்லை.

பத்து நிமிடம் முந்திப் போங்கள். பிரசங்கத்தில் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்து, வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் எழுதுங்கள். ரியூஷன் வகுப்பு இடையில் வந்தால் சனி மாலைத் திருப்பலியோ வேறு நேர ஆராதனையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்பதைவிட நேரசூசியைப் பார்ப்பது இலகு.

9. மூன்றாம் மாதத்தின் பிறகு: உபவாசம்

முதலில் யார் செய்யக்கூடாது என்பது. சீனி வருத்தத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், வளரும் பிள்ளை, சாப்பாட்டோடு எடுக்கவேண்டிய மருந்துக்காரர் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் வேளை தவறவிடக்கூடாது. இவர்கள் சீனி, சீரியல், போன், ஊர்க்கதை என்று வேறொன்றை விடலாம். ஊர்க்கதை கடைசியில்தான் விடுபடும்.

மற்றவர்கள் ஒரு வேளையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டை மட்டும் விடுவது. நாலு வெள்ளி சரியாகப் போனால் மதியமும். மாலை ஆறு மணிவரை போவது அதன்பின். தண்ணீரை நிறுத்தவேண்டாம்: மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே அடிக்கும் வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே உடம்பு காயும். தலையிடி பெரும்பாலும் பசியால் வருவதல்ல, தேத்தண்ணி இல்லாததால் வருவது. முந்தின மூன்று நாளில் நாலு கோப்பையை இரண்டாக, ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் வெள்ளிக்கிழமை தலை சும்மா இருக்கும்.

சாப்பிடாத நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள்: அந்த அரைமணியில் ஒரு சங்கீதம், ஒரு நோயாளிக்கான மன்றாட்டு. செபமில்லாத உபவாசம் வெறும் பட்டினி. அந்த வேளைச் சாப்பாட்டின் காசை ஓர் உண்டியலில் போடுங்கள். அது எங்கே போகவேண்டும் என்பது அடுத்த பகுதி. முடிக்கும்போது கஞ்சியோ இடியப்பமும் சொதியுமோ. வெறும் வயிற்றில் கொத்துரொட்டி போட்டவர்கள் இரவு முழுக்க அதற்குத் தவம் செய்வார்கள்.

கத்தோலிக்கருக்குச் சட்டமான ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும், 18 வயது நிரம்பியவர் முதல் 59 வயதுவரை: ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டும் சேர்ந்தாலும் அந்த ஒன்றை எட்டாத அளவு. இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயதிலிருந்து. இங்கே ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். திருகோணமலையில் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டுக் கணவாய்க் கறியும் இறால் பொரியலும் சாப்பிடுவது சட்டப்படி சரி. தவம் எங்கே என்பதைக் கறிச்சட்டியிடம் கேட்கவேண்டும். கரையோரத்தில் இருப்பவருக்கு மீனை விடுவதுதான் நோகும். விருப்பமானவர்கள் அதை விடலாம்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியவேண்டாம் (மத்தேயு 6:16). சக வேலையாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் கூடப் போய் இருங்கள், தண்ணீர் குடியுங்கள். விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

10. கொடுப்பதும் போய்ப் பார்ப்பதும்

சம்பளம் வந்த அன்றே எடுத்துவையுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் பார்த்திருக்கவேண்டாம். கிழமையின் முதல் நாளில் ஒதுக்கிவை என்றுதான் 1 கொரிந்தியர் 16:2உம் சொல்கிறது. பத்தில் ஒன்று முடியாதவர் நூறில் இரண்டில் தொடங்கி வருடா வருடம் ஏற்றலாம். கடன்காரருக்குக் கொடுக்கவேண்டியதை நிறுத்திக் காணிக்கை போடக்கூடாது. உபவாச உண்டியலின் காசு பெயர் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போகட்டும், அரிசியாகவோ கொப்பியாகவோ.

மாதம் ஒரு தடவை ஒரு நோயாளியைப் பார்ப்பது அடுத்த பழக்கம். வைத்தியசாலை என்றால் பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம். கட்டிலில் இருக்கவேண்டாம். என்ன சாப்பிடலாம் என்று கேட்காமல் பழம், இளநீர் கொண்டுபோகவேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் ஆகாது. "எங்கட மாமாவுக்கும் இதே வருத்தம்தான், பிறகு..." என்று தொடங்கவே கூடாது. செபிக்கட்டுமா என்று கேளுங்கள். சம்மதித்தால் சங்கீதம் 23 அல்லது 121ஐ மெல்ல வாசியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவராக இருந்தாலும் அவர் பெயரைக் கேட்டு நலம் விசாரித்துவிட்டு வாருங்கள்.

11. தவறிய நாள்

தவறும். ஆகவே தவறும் நாளுக்கான சட்டத்தை இப்போதே எழுதுங்கள்.

தவறியதை மறுநாள் இரட்டிப்பாகச் செய்யக்கூடாது. நாளுக்கு மூன்று அதிகாரம் என்று வைத்து, மூன்று நாள் தவறி ஒன்பது அதிகாரம் கடனாகச் சேர்ந்தவர் நாலாம் நாள் கொப்பியையே ஒளித்துவைப்பார். இன்றைய பக்கத்தைத் திறந்து இன்றையதை வாசியுங்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. மூன்றாம் நாள் எதுவும் முடியாவிட்டாலும் இரண்டு நிமிடம், கர்த்தர் கற்பித்த செபமும் ஒரு பெயரும்.

சில காலங்கள் தவறுவதற்கென்றே வருகின்றன. டிசம்பரில் கரோல், கேக், வெள்ளையடிப்பு என்று இயேசுவின் பிறப்பைக் கொண்டாடும் மாதத்தில்தான் அதிகம் பேரின் செபம் நிற்கிறது. பரீட்சைக் காலம், செத்தவீடு, மாரி மழையில் வீட்டுக்குள் தண்ணீர். இந்தக் காலங்களுக்கு முன்கூட்டியே "சிறு அளவு" ஒன்றைக் குறித்துவையுங்கள்: காலையில் மூன்று நிமிடம், வாசிப்புக்கு ஐந்து வசனம், இரவில் ஒரு நன்றி. பழக்கம் மெலியலாம், அறக்கூடாது.

12. பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொப்பியைப் புரட்டுங்கள். எத்தனை நாள் என்று எண்ணுவது இரண்டாம் பட்சம். எழுதிய வரிகளில் எத்தனை நடந்தது, திரும்பத் திரும்ப வரும் பெயர் யாருடையது என்று பாருங்கள். அதே பெயர் பத்துத் தடவை வந்திருந்தால் அங்கே எழுத்து போதாது, நேரில் போகவேண்டும். பிறகு வீட்டில் உள்ளவரிடம் கேளுங்கள்: "என்னோடு இருக்க இப்போது இலகுவா, கஷ்டமா?" மனைவி சிரித்துவிட்டுப் பேசாமல் போனால் அதையும் விடையாக எழுதிக்கொள்ளுங்கள்.

செபம் வறண்டுபோவதும் மனம் நோய்ப்படுவதும் ஒன்றல்ல. வறட்சியில் செபம் சப்பென்று இருக்கும்; சாப்பாடும் தூக்கமும் சிரிப்பும் வழமைபோல் இருக்கும். அப்போது அதே ஏழு நிமிடத்தைத் தொடருங்கள், எதையும் கூட்டவேண்டாம். தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் விருப்பமின்றி இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அதைச் செபக் குறை என்று எண்ணி உபவாசத்தைக் கூட்டவேண்டாம். உபவாசத்தை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். சுவாமியிடமோ போதகரிடமோ துணையிடமோ அதைச் சொல்லிவைத்து, அவர்களில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.